‘வொர்க் ஆகல’ன்னு மட்டும் எழுதினா எப்படி? ஊட்டிக்காரர் காட்டிய வழி!

போன வாரம் லீவுக்குக் குன்னூர் வந்திருந்தேன். மழை, கரன்ட் கட், லேப்டாப்பில் சார்ஜ் 18 சதவிகிதம். அந்த நேரம் பார்த்துத்தான் வீடியோவுக்கு சப்டைட்டில் சேர்க்க ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரைத் திறந்தேன். கையேட்டில் சொல்லியிருந்த மெனுவே திரையில் இல்லை. கடுப்பில், அதை உருவாக்கியவர்களுக்கு ‘வொர்க் ஆகல, ஹெல்ப் பண்ணுங்க’ என்று எழுதிப் போட்டேன். மூன்று நாளாகியும் பதில் இல்லை.

தப்பு அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

ஃபயர்ஃபாக்ஸ், வி.எல்.சி மாதிரி, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருப்பவைதான் ஓப்பன் சோர்ஸ். உருவாக்குகிறவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். பலர் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அவர்களுக்கு ஆபீஸ், மீட்டிங், டீக்கடைப் பேச்சு எல்லாமே எழுத்துதான். பஞ்சமும் அங்கேதான். கிட்ஹப் 2017-ல் நடத்திய சர்வேயில், கையேடுகள் அரைகுறையாகவோ பழசாகவோ இருப்பதைப் பார்த்ததாக 93 சதவிகிதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவிகிதம் பேர் அதை எழுதும் பக்கம் போவதே இல்லை அல்லது அபூர்வம். கோடிங்குக்குக் கிடைக்கும் கைத்தட்டல் இதற்குக் கிடைக்காதே!

இங்கே எங்கள் மலைக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். கென்னத் கொன்சால்வஸ். பெங்களூரிலோ சென்னையிலோ இல்லை, ஊட்டியில் வாழ்ந்தவர். இந்திய பைத்தான் சங்கத்தின் முதல் தலைவர். 2009-ல் பெங்களூரில் நடந்த முதல் ‘பைகான் இந்தியா’ மாநாட்டின் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர். மலையில் இருந்தவருக்கு மெயில்தான் சபை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் யாராவது பழைய மெயிலை முழுசாக விட்டுவிட்டு அதன் தலையில் பதில் எழுதினால் விடமாட்டார். வேண்டாததை வெட்டணும், கேள்விக்குக் கீழே பதில் வரணும். கறார்தான். ஆனால், இரண்டு வருஷம் கழித்து அதே சிக்கலோடு தேடி வருகிறவருக்கும் அப்போதுதானே புரியும்? 2012-ல் மறைந்தார். அந்த ஆண்டு முதல் அவர் பெயரில் அந்தச் சங்கம் விருது கொடுக்கிறது.

கரன்ட் வந்ததும் என் கேள்வியைத் திருத்தி எழுதினேன். எந்த வெர்ஷன், எதை அழுத்தினேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது. எரர் மெசேஜை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடாமல் எழுத்தாகவே ஒட்டினேன், நாளைக்கு யாராவது தேடினால் சிக்கும்.

அன்றிரவே பதில். மெனு புது வெர்ஷனில் இடம் மாறிவிட்டதாம், கையேட்டில் மாற்ற மறந்துவிட்டார்களாம். நீங்களே திருத்தி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். இரண்டே வரி, அனுப்பிவிட்டேன்.

ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.