புறாவுக்கு விதைத்த கம்பு

கதிர் முற்றிய கொல்லைக்குப் புறாவை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. கிளியும் குருவியும் கதிரில் தொங்கித் தின்னும். புறா அப்படியல்ல, தரையில் நடந்து, சிந்திய மணியைப் பொறுக்கும் ஜாதி. அறுவடை முடிந்த நிலத்தில் மணிப்புறாவும் கள்ளிப்புறாவும் ஜோடி ஜோடியாக மேய்வதை நம் காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பார்க்காதவர் யார்?

இந்தக் குணத்தை வைத்தே அமெரிக்காவில் ஒரு விவசாயம் நடக்கிறது. சூரியகாந்தி, தினை வகைகளை விதைத்து, செப்டம்பரில் வேட்டைப் பருவம் தொடங்குமுன் வரிசை வரிசையாக வெட்டிச் சாய்ப்பார்கள். மணி தரையில் கொட்டும், புறா இறங்கும், துப்பாக்கி வெடிக்கும். கடையில் வாங்கிய தானியத்தை இறைத்தால் அங்கே குற்றம். அந்த நிலத்திலேயே விளைந்ததை வெட்டிச் சாய்த்தால் குற்றமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு புரட்டிய எனக்கே இந்த நுணுக்கம் புல்லரித்தது!

என் அக்கா பேரன் இதைச் செல்போனில் பார்த்துவிட்டு, "தாத்தா, தரிசாக் கிடக்கற அரைக் காணியில கம்பு போட்டா புறா வரும். ஏர்கன் வாங்கிக்கலாம்" என்கிறான். அவனைப் போல யோசிக்கும் பிள்ளைகள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்தைப் படியுங்கள். கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். ஏர்கன்னால் சுட்டாலும் அதேதான். ஒரே கம்பு, ஒரே கொல்லை. விதைத்தவன் எண்ணத்தைப் பொறுத்து அது பயிராகவும் இருக்கலாம், பொறியாகவும் இருக்கலாம். வலையோடு போகிற ஏழை சுலபமாக மாட்டுவான். சொந்த நிலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுடுகிறவனை யார் கேட்பது? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சைவமில்லை. சின்ன வயதில் கவுதாரிக் குழம்பு சாப்பிட்டவன்தான். இன்று ஆசை வந்தால் பண்ணைக் காடை கிடைக்கிறது.

"ஊரெல்லாம் புறா, குறைந்தா போகும்?" என்று கேட்கிறான். அமெரிக்காவில் பயணிப் புறா கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்ததாம். கடைசிப் புறா மார்த்தா, சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் 1914 செப்டம்பர் 1 அன்று செத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'தூர்தரெல்' என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் காட்டுப்புறாவும் ஐரோப்பாவில் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2020-இல் 17,460 புறாக்களைச் சுடலாம் என்று பிரான்ஸ் அரசு அனுமதித்தது. அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கணக்குப் போட்டுச் சுடும் நிலைக்கு வந்தபின் கணக்கு எதற்கு?

நமக்குப் பக்கத்திலேயே வள்ளிமலை இருக்கிறது. வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று படியேறிக் கும்பிடுகிறோம். அவள் ஆலோலம் பாடிப் பறவையை ஓட்டினாள்; பயிரைக் காக்க ஓட்டுவதில் ஒரு நேர்மை உண்டு. வா வா என்று கூப்பிட்டுச் சுடுவதற்கு நம் பாஷையில் வேறு பெயர்.

கோவைப் பக்கம் ஒரு விவசாயி அரை ஏக்கரில் சோளமும் கம்பும் பறவைகளுக்கென்றே விட்டிருப்பதாகச் சில வருடம் முன்பு செய்தி வந்தது. எல்லோராலும் முடியாது. நிலத்துக்கு வாய்தா கட்டுகிறவனுக்குத்தான் வலி தெரியும். ஆனால் நாலு வரிசைக் கம்பை அறுக்காமல் விட்டால் யார் சொத்தும் போகாது.

பேரனிடம் சொல்லிவிட்டேன். ஆடியில் மழை கிடைத்தால் கம்பு போடலாம், விதைச் செலவு என் பென்ஷனில். ஏர்கன் மட்டும் அந்த வரப்பைத் தாண்டக் கூடாது. பையன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.