பைலைத் திறக்கும் சாவி யாரிடம்?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் அரசியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான் சொல்லப்போவது ஓட்டுக் கேட்டு வரும் அரசியல் இல்லை. ஒரு விஷயத்தில் நமக்காக யார் முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் அரசியல்தானே? அப்படிப் பார்த்தால், நீங்கள் நேற்று வாங்கிய கம்ப்யூட்டரில் முதல் பைலை சேவ் செய்தபோதே அரசியலுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

நம் தமிழ் எழுத்திலிருந்தே தொடங்குவோம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும். 1990களில் தமிழுக்கு அப்படிப் பொதுவான அட்டவணை எதுவும் நடைமுறையில் இல்லை. பாண்ட் தயாரித்த ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துக்களைத் தன் விருப்பப்படி உட்கார வைத்தது. ஒருவர் "க" வைத்த இடத்தில் இன்னொருவர் "ப" வைத்தார். அனுப்பியவரிடம் இருக்கும் பாண்ட் உங்களிடம் இல்லை என்றால், வந்த கடிதம் திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

என் பெரியப்பா தன் ஊரின் ஏரி, கோயில், வாய்க்கால் பற்றிப் பல ஆண்டுகள் விசாரித்து எழுதியதை 1996ல் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து பேஜ்மேக்கரில் டைப் செய்து வைத்தார். புத்தகமாக அச்சிடப் பணம் சேரவில்லை. பின்னாளில் அவர் மகன் அந்த சி.டி.யை எடுத்து வந்தான். சி.டி. நன்றாக இருந்தது. பைலும் கெடவில்லை. ஆனால் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001ல் வந்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. அந்தத் தமிழ் பாண்ட்டோ, கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு பூட்டைச் செருகினால்தான் வேலை செய்யும். பூட்டைக் கொடுத்த நிறுவனத்தை மூடியாகிவிட்டது. பிரிண்ட் எடுத்து வைத்திருந்த சில பக்கங்களை மட்டும் மறுபடி டைப் செய்தோம். மற்றவை சி.டி.யில் பத்திரமாக இருக்கின்றன, யாராலும் படிக்க முடியாதபடி!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அரசு தலையிட வேண்டியிருந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு அட்டவணைகளும், தமிழ் 99 கீபோர்டும் வந்தன. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற வேறொரு அட்டவணையைப் பின்பற்றினார்கள். கடைசியில் 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அத்துடன் டேஸ்16 என்ற அட்டவணைக்கும் அனுமதி தந்தது. 1991ல் வந்த முதல் யூனிகோட் பதிப்பிலேயே தமிழ் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வழி திறந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான் நம் அலுவலகங்களுக்கு அதிகாரப்பூர்வமாக அதில் நடக்க உத்தரவு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் டைப் செய்யப்பட்டவற்றில் எத்தனை என் பெரியப்பாவின் சி.டி. போல ஆகியிருக்கும்?

எழுத்துக்கு வந்த சண்டை பைலுக்கும் வந்தது. ஓப்பன் ஆபீஸ் போன்ற புரோகிராம்கள் பயன்படுத்தும் ஓ.டி.எப். என்ற பைல் வடிவத்தை 2006ல் ஐ.எஸ்.ஓ. உலகத் தரமாக ஏற்றது. யார் வேண்டுமானாலும் அதைப் படித்து, அதைத் திறக்கும் புரோகிராம் எழுதலாம். மைக்ரோசாப்ட் சும்மா இருக்குமா? தன் ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். வடிவத்தையும் தரமாக்கக் கேட்டது. உங்கள் வேர்ட் பைலின் பெயருக்குப் பின்னால் டி.ஓ.சி.எக்ஸ். என்று வருகிறதே, அதுதான் இது. அதன் விளக்க ஆவணமே சுமார் 6,000 பக்கம். 2007 செப்டம்பர் வாக்கெடுப்பில் அதற்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. 2008 ஏப்ரலில், திருத்தங்களுக்குப் பிறகு, வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. தென் ஆப்பிரிக்கா, பிரேசில், வெனிசுலா ஆகியவற்றோடு சேர்ந்து முறையீடும் செய்தது. அது தள்ளுபடி ஆனது. ஒரு பைலின் அமைப்புக்காக நாடுகள் கை தூக்கி வாக்களித்த இந்தச் சம்பவத்துக்குப் பிறகும் சாப்ட்வேரில் அரசியல் இல்லை என்று சொல்ல முடியுமா?

"அப்படியானால் எல்லோரும் லினக்சுக்கு மாறிவிட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் மூனிச் நகர நிர்வாகம் 2003ல் லினக்சுக்கு மாற முடிவெடுத்தது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை மாற்றியும் காட்டியது. அதே நகர சபை 2017ல் விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களில் லிப்ரே ஆபீசுக்கு மாறப்போவதாக 2024ல் அறிவித்தது. நம் ஊரில் 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் தொடக்க காலத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்பில் விண்டோசும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. ஆட்சிகள் மாறும், சாப்ட்வேர்களும் மாறும். எது நிலைக்கும் என்று யாராலும் ஜோசியம் சொல்ல முடியாது.

அதனால்தான் சொல்கிறேன்: எந்த சாப்ட்வேரில் வேலை செய்கிறோம் என்பதை விட, அதை விட்டு வெளியேறும்போது நம் பைல்களைக் கையோடு எடுத்துச் செல்ல முடியுமா என்பதே முக்கியம். வாடகை வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும், காலி செய்யும்போது நம் பாத்திர பண்டங்களை எடுக்க விடாத வீட்டுக்காரரிடம் குடியிருப்போமா? வேர்ட் நல்ல புரோகிராம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் எழுதிய கடிதம் என்னுடையது.

வெளியேறும் நாளையும் பல நேரங்களில் நாம் தீர்மானிப்பதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 சிப்பும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும் என்பது மைக்ரோசாப்டின் நிபந்தனை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கம்ப்யூட்டர் நம் காசில் வாங்கியது. அது பழசாகிவிட்டது என்று சொன்னது வேறொருவர்.

சரி, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்கள் என்ன செய்யலாம்? தமிழில் எதை டைப் செய்தாலும் யூனிகோடில் செய்யுங்கள். வீட்டில் பழைய பாண்ட்டில் அடித்த பைல்கள் இருந்தால், அந்த பாண்ட்டின் பெயர் நினைவில் இருக்கும்போதே இலவச கன்வெர்ட்டர் ஒன்றைத் தேடி மாற்றிவிடுங்கள். பத்திரம், குடும்ப வரலாறு, கதை, கவிதை என்று நீண்ட நாள் இருக்க வேண்டியவற்றுக்கு இரண்டு காப்பி வையுங்கள். ஒன்று பி.டி.எப்., படிப்பதற்கு. இன்னொன்று ஓ.டி.டி., பின்னால் திருத்துவதற்கு. வேர்டிலேயே "சேவ் அஸ்" கிளிக் செய்து, கீழே பைல் வகையில் ஓப்பன் டாகுமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணக்கு எழுத, போட்டோ சேமிக்க என்று எந்த சாப்ட்வேர் வாங்கினாலும், "என் தகவல்களை வெளியே எடுப்பது எப்படி?" என்று முதலில் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் கடையை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வரிப்பணத்தில் நடக்கும் அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரு விண்ணப்பத்தை வெளியிடும்போது, காசு கொடுத்து வாங்கும் சாப்ட்வேர் இல்லாமலே அதைத் திறக்க முடிய வேண்டும். திறக்க முடியாத படிவத்தைக் கண்டால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். இந்த அரசியலுக்குக் கொடியும் வேண்டாம், கட்சி கார்டும் வேண்டாம்.