குடிகள் இல்லாத நாட்டில் எதிர்க்கட்சி

இணையத்தில் நடக்கும் அரசியல் விளையாட்டுகளில் எதிர்க்கட்சி கட்டுவது எப்படி என்பதற்கு அனுபவஸ்தர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு கொள்கை அறிக்கை. ஆளும் கட்சியில் பதவி கிடைக்காமல் முணுமுணுப்பவர்களை இழுத்துக்கொள். புதிதாய் வருகிறவனை வாசலிலேயே பிடித்துப் போடு. சில்லறைக் கட்சிகளைச் சேர்த்துக்கொள். தலை எண்ணிக்கை பெருகினால் அடுத்த தேர்தல் உன்னுடையது. இதில் எதிர்க்கட்சி எங்கே இருக்கிறது? இது இன்னொரு ஆளும் கட்சியைக் கட்டுகிற சூத்திரம். நாற்காலி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

'விளையாட்டுதானே, இதற்குமா விமர்சனம்?' என்று இலக்கிய நண்பர்கள் கேட்கக்கூடும். கதையும் கட்டிச் சொன்னதுதானே, அதற்கு எதற்கு விமர்சனம் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கட்சி என்றால் என்ன, வாக்கு என்றால் என்ன, தோற்றவனை என்ன செய்வது என்பதையெல்லாம் பதினாறு, பதினேழு வயசில் ஒருவன் முதன்முதலாகக் கையால் செய்து பார்க்கிற இடம் இது. அங்கே படிந்த பழக்கம் அங்கேயே நின்றுவிடும் என்று நம்ப எனக்குத் தைரியம் போதவில்லை.

ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மாக்ஸ் பாரி தம்முடைய 'ஜெனிஃபர் கவர்ன்மென்ட்' நாவலுக்கு விளம்பரமாக 2002ல் 'நேஷன்ஸ்டேட்ஸ்' விளையாட்டை ஆரம்பித்தார். ஆடுகிறவன் ஒவ்வொருவனும் ஒரு தேசம். தேசத்தின் ஜனத்தொகை நாளாக ஆகத் தானே கோடிகளில் ஏறும். அந்தக் கோடிகளில் ஒரு ஜீவன்கூட வாய் திறப்பதில்லை, அவை எண்கள். மெய்யான அரசியல் நடப்பது தேசங்கள் கூடியிருக்கும் பிராந்தியத்தில். உலகப் பேரவையில் சேர்ந்த தேசங்கள் ஒன்றையொன்று ஆமோதிக்கலாம். அதிக ஆமோதிப்பு பெற்றவன் பிராந்தியத்தின் பிரதிநிதி. அவன் கைக்கு ஒரு பொத்தான் வந்து சேரும். வேண்டாதவனை வெளியேற்றலாம், திரும்பி வராதபடி தடுக்கலாம். 'தி பசிபிக்' என்பது புதுத் தேசங்கள் பிறந்து விழுகிற பிராந்தியங்களில் ஒன்று. 2003ல் அதைக் கைப்பற்றி, 'நியூ பசிபிக் ஆர்டர்' என்று பெயர் பூண்ட அணி எதிர்த்தவர்களை அந்தப் பொத்தானைக் கொண்டுதான் தீர்த்தது. 2006ல் செல்வாக்கு என்று ஒரு கணக்கு வந்தது. ஒருவனை வெளியேற்ற வேண்டுமானால் பிரதிநிதி தன் செல்வாக்கைச் செலவழிக்க வேண்டும்; நெடுநாள் இருந்தவனுக்குச் செலவு அதிகம். நல்ல விதிதான். ஆனால் அது யாருக்குக் காவல்? பழைய ஆளுக்கு. நேற்று வந்தவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது இன்றும் மலிவு.

ருமேனியாவிலிருந்து 2008ல் வந்த 'இரிபப்ளிக்' இன்னும் அப்பட்டமானது. மாதம் 5ந் தேதி ஜனாதிபதி, 15ந் தேதி கட்சித் தலைவர், 25ந் தேதி காங்கிரஸ் என்று ஓயாத தேர்தல். உறுப்பினர் எண்ணிக்கையில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்த கட்சிகளுக்குத்தான் காங்கிரஸ் தேர்தலில் இடம் என்பது அதன் விதியாக இருந்தது. ஆகவே கட்சி என்பது கூட்டம் சேர்க்கிற சாமர்த்தியம் என்று ஆயிற்று. அயல்தேசத்துக்காரர்கள் கூட்டமாகக் குடியேறி, ஒரு கட்சிக்குள் புகுந்து, வாக்குப் போட்டே ஒரு நாட்டைக் கைப்பற்றிவிடும் தந்திரமும் அங்கே உண்டு. அபாயம் உண்மையானது. அதற்குக் கொடுத்த விலையும் உண்மையானது. அயலான் உள்ளே வந்துவிடுவான், எல்லாரும் ஒன்றாய் நில்லுங்கள் என்ற கோஷம் எழும்பியதும் உள்ளூர் எதிர்ப்பு துரோகமாகிவிடுகிறது. கேள்வி கேட்டவன் எவனுடைய ஒற்றன் என்று ஆராய்கிறார்கள். அவன் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது.

இதற்கெல்லாம் பரிகாரம் போலத் தோன்றியது, ரெட்டிட் தளத்தில் 2014ல் ஆரம்பித்த பிரிட்டிஷ் மக்கள் சபை மாதிரி. மசோதா, விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் எழுத்தில். அங்கே ஆரம்பத்தில் நிஜ வாக்குகள் இருந்தன. பின்னால், உறுப்பினர்களின் விவாதப் பங்களிப்பை மதிப்பிட்டு, விளையாட்டை நடத்துகிறவர்களே கட்சிகளின் ஆதரவைக் கணக்கிடும் முறைக்கு மாறினார்கள். எழுத்துக்கு மதிப்பு வந்ததே என்று நம்மவர்கள் மகிழ்ந்துபோகலாம். எனக்கு மகிழ்ச்சி இல்லை. வாக்காளன் என்ற ஆசாமியே காணாமல் போய்விட்டான். எதிர்க்கட்சி யாரைப் பார்த்துப் பேசுகிறது? மார்க் போடுகிறவரைப் பார்த்து. பரீட்சைத் தாளில் எழுதுவது விடை. அதை எதிர்ப்பு என்று எப்படிச் சொல்வது?

'மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி' என்ற பிரயோகம் 1826ல் ஜான் காம் ஹாப்ஹவுஸ் மக்கள் சபையில் வேடிக்கையாக வீசியது. சபை சிரித்தது, வார்த்தை தங்கிவிட்டது. 1937ல் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி சம்பளமும் வந்தது. தோற்றவன் சபைக்கு வெளியே போகவேண்டியதில்லை என்ற ஞானம் அங்கே சம்பளப் பட்டியல் வரைக்கும் இறங்கியிருக்கிறது. பேரேட்டில் பற்றுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வரவைக் காட்டிப் பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை என்பது கணக்கு எழுதுகிற எவனுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பின்னால் ஒரு தொகுதி இருக்கிறது. அங்கே மழை பெய்கிறது, வேலை போகிறது, அங்கிருந்து கடிதம் வருகிறது. விளையாட்டுக்காரர்கள் ஆசனத்தைப் பார்த்துச் செய்துகொண்டார்கள். தொகுதியை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் அந்த நாடுகளில் குடிகளே இல்லையா? இருக்கிறார்கள். ஆடுகிறவர்கள்தான் குடிகள். விதி இன்னதென்று தெரியாமல் நேற்று உள்ளே வந்தவன். காரணம் சொல்லாமல் வெளியேற்றப்பட்டவன். கட்சியில் சேர்த்த கையோடு மறக்கப்பட்டுத் தலைக்கணக்கில் மட்டும் மிஞ்சியவன். எதிர்க்கட்சி இவர்களிடத்தில்தான் ஆரம்பமாக முடியும். வெளியேற்றப்பட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வெளியிடு என்று அது கேட்கட்டும். வெளியேற்றியவனே மேல்முறையீட்டையும் விசாரிக்கக் கூடாது என்று சொல்லட்டும். புதிதாய் வந்தவனுக்கு முதலில் விதிகளைச் சொல்லிக் கொடுக்கட்டும், கட்சிச் சீட்டைப் பிறகு நீட்டட்டும். விளையாட்டை நடத்துகிறவர்களின் கணக்கையும் பார்க்கவேண்டும் என்று கேட்கட்டும். அவர்களையும் சேர்த்துத்தானே அங்கே ஆட்சி என்பது?

இப்படியெல்லாம் செய்தால் ஜெயிக்க முடியாது என்பார்கள். முடியாமல் போகலாம். ஆனால் நாற்காலியைப் பிடித்த கட்சிகள் என்ன ஜெயித்தன? ஆள் மாறினான், பொத்தான் மாறவில்லை. நேற்றைய எதிர்க்கட்சிக்காரன் இன்று அதே விரலை அதே இடத்தில் வைத்து அழுத்துகிறான், முன்னைவிடச் சுத்தமான மனச்சாட்சியோடு. ஏனென்றால் அவன் 'பாதிக்கப்பட்டவன்'.

எனவே எதிர்க்கட்சி கட்டுகிறேன் என்று அடுத்தவன் கொடியோடு வரும்போது அவனுடைய கொள்கை அறிக்கையைப் படிக்கவேண்டாம். ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: வென்ற மறுநாள் அந்தப் பொத்தானை என்ன செய்வாய்? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுப்பவனுக்கு ஆளும் கட்சியிலேயே நல்ல இடம் கிடைக்கும்.