டீயின் ஓரம் ஸ்லைஸைத் தீர்க்காது

கோல்ஃப் பழக வரும் எவருக்கும் முதல் மாதத்திலேயே ஓர் உபதேசம் கிடைத்துவிடும். வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறதா (இதுதான் ஸ்லைஸ்), டீயின் வலது ஓரத்தில் பந்தை வைத்து இடப்பக்கம் குறிபார்த்து அடிக்க வேண்டும். இடப்பக்கம் வளைகிறதா, இடது ஓரத்துக்குப் போக வேண்டும். கோச் சொல்வார், கேடி சொல்வார், கூட ஆடும் மூத்தவரும் சொல்வார். ஓரம் மாறினால் ஃபேர்வே அகலமாகிவிடும் என்பது இவர்கள் எல்லோருடைய வாதம். அப்படி எதுவும் ஆவதில்லை. ஸ்லைஸ் அடிப்பவருக்கு இது மருந்தே அல்ல. பலருக்கு நோயை முற்ற வைக்கும் பழக்கம் என்றே சொல்வேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீயின் இரண்டு மார்க்கர்களுக்கும் நடுவே 6 கெஜம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பந்து போய்ச் சேர வேண்டிய இடம் 230 கெஜத்துக்கு அப்பால் இருக்கிறது. இடது கோடியை விட்டு வலது கோடிக்கு நகர்ந்தால், அந்த இடத்தை நோக்கும் கோணம் ஒன்றரை டிகிரி மாறும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவரின் டிரைவர் முகம் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இதைவிடக் கூடுதலாகவே திரும்பும். 30 கெஜம் வளைகிற பந்து எந்த ஓரத்திலிருந்து கிளம்பினாலும் 30 கெஜம்தான் வளையும். குறிபார்த்த புள்ளி மாறாதவரை அது விழும் இடமும் மாறாது. ஃபேர்வே ஓர் அங்குலம்கூட விரியவில்லை. பந்து அதன் மேல் வந்து இறங்கும் சாய்வு மட்டும் இம்மியளவு மாறியிருக்கிறது.

பெரிய ஆட்டக்காரர்கள் ஓரம் பார்த்துத்தானே டீ வைக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆமாம், வைக்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்றே வலப்பக்கம் இலேசாக வளைத்து அடிக்கும் ஃபேட் சில கெஜம் வளையும், நினைத்த கோட்டில் கிளம்பும், பத்து முறை அடித்தாலும் ஏறக்குறைய அதேபோல் வளையும். ஓரத்தில் நிற்பது அந்தக் கோட்டைக் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டுகிறது. கோடே கையில் இல்லாதவருக்கு ஓரம் எதைக் காட்டும்?

ஸ்லைஸ் எங்கே பிறக்கிறது என்பதில் இன்று மர்மம் ஒன்றும் இல்லை. கிளப் வீசப்படும் பாதையிலேயே பந்து கிளம்பும் என்று பழைய பாடங்கள் சொல்லின. ரேடார் கருவிகள் வந்த பிறகு அது தவறு என்று தெரிந்துவிட்டது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் தீர்மானிக்கிறது. முகத்துக்கும் வீச்சின் பாதைக்கும் உள்ள இடைவெளி வளைவைத் தருகிறது. இந்த இடைவெளி பெருகப் பெருக வளைவும் பெருகும். கிளப் முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் வளைவு கெடும், அது தனிக் கதை.

இப்போது வலது மார்க்கரை ஒட்டி நிற்கும் ஸ்லைஸ்காரரைப் பாருங்கள். சொன்னபடியே கால் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இடுப்பும் தோளும் கூடவே திரும்பியிருக்கின்றன. கண் மட்டும் ஃபேர்வேயின் நடுவைவிட்டு அகலவில்லை. கிளப் இறங்கும்போது கை அந்த நடுவையே தேடுகிறது. வீச்சின் பாதை தோள் காட்டும் இடப்பக்கமாகப் போகிறது, முகமோ நடுவைப் பார்த்தபடி திறந்தே வருகிறது. இடைவெளி முன்பைவிடக் கூடிவிட்டது. முன்பு 30 கெஜம் வளைந்த பந்து இப்போது 40 கெஜம் வளைந்தால் அதிசயம் இல்லை. அவரோ இன்னும் இடப்பக்கம் திரும்ப வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்கிறார். வருடக்கணக்கில் இப்படியே ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது அவர்கள் மீதல்ல, பிடியைத் திருத்தாமல் டீயின் ஓரத்தைக் காட்டியவர்கள் மீது. பெரிய ஆட்டக்காரரான பென் ஹோகனையே இளமையில் வாட்டியது, இடப்பக்கம் வளையும் ஹூக். இடக்கைப் பிடியை இடப்பக்கமாகத் திருப்பியும் மணிக்கட்டின் நிலையை மாற்றியும் அவர் அதை அடக்கினார். 1955இல் லைஃப் பத்திரிகை அவருடைய ரகசியத்தை வெளியிட்டபோது அதில் பேசப்பட்டவை கையும் மணிக்கட்டும்தான்.

இந்த உபதேசத்துக்கு ஒரு சகோதரியும் உண்டு. ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே டீ வை, அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து அடி என்பார்கள். பல கோச்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் பீட் டை வடிவமைத்த டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 18ஆவது ஹோலுக்கு இரண்டையும் கொண்டுபோய்ப் பாருங்கள். 462 கெஜம், டீயிலிருந்து கிரீன் வரை இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர். ஃபேட் அடிப்பவர் அங்கே என்ன செய்வார்? தண்ணீர் இடப்பக்கம் இருப்பதால் இடது ஓரத்துக்குப் போ என்கிறது ஒரு விதி. ஃபேட் அடிப்பதால் வலது ஓரத்துக்குப் போ என்கிறது மற்றது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிய முடியாது. அங்கே அவர் தீர்மானிக்க வேண்டியது, பந்தைத் தண்ணீருக்கு மேல் எவ்வளவு தூரம் கிளப்பத் துணிவது, வளையாமல் நேரே போய்விட்டால் என்ன இழப்பு என்பதை. டீயின் ஓரம் அந்தத் தீர்மானத்தில் மிகச் சிறிய பங்குதான்.

ஓரம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. தடை டீக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 18ஆவது ஹோலில் டீயைத் தாண்டியதும் இரு பக்கமும் மரங்கள் நெருக்கி நிற்கின்றன. ஃபேர்வே மேடேறி வலப்பக்கம் திரும்புகிறது, திருப்பத்தில் இடப்பக்கம் இரண்டு பங்கர்கள். 240 கெஜத்தில் உள்ள ஒரு குறியை நோக்கி அடிக்கும்போது, டீயில் 4 கெஜம் நகர்ந்தால் 60 கெஜத்தில் பந்து 3 கெஜம் தள்ளிப் போகும். கிளையில் படுமா படாதா என்பதை அந்த 3 கெஜம் தீர்த்துவிடலாம். தூரம் ஏற ஏற அந்த லாபம் தேய்ந்து, குறியை எட்டும்போது ஒன்றுமில்லாமல் போகிறது. மரச்சந்துக்குப் பொருந்தும் இந்த யோசனையைத் திறந்த வெளியில் நிற்கும் தொடக்கக்காரரிடம் சட்டமாகத் திணித்ததுதான் தவறு.

டீயில் பார்த்து வைக்க வேண்டியவை வேறு. தரை மட்டமாக இருக்கிறதா? பந்து காலைவிடத் தாழ்ந்த சரிவில் இருந்தால் வலக்கைக்காரருக்கு அது வலப்பக்கமே ஓடப் பார்க்கும். வலது ஓரம் அப்படிச் சரிந்திருக்கும்போது ஸ்லைஸ்காரரை அங்கே அனுப்புவது கொடுமை. மார்க்கர்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? புல் தேயாமலிருக்க அவற்றை அடிக்கடி இடம் மாற்றுகிறார்கள். மாற்றி வைக்கும்போது இரண்டையும் இணைக்கும் கோடு ஃபேர்வேக்குக் குறுக்காக அமையாமல் கோணலாகி, அதற்குச் செங்குத்தான திசை ரஃப்பைக் காட்டுவதும் உண்டு. ஆடுகிறவர் தன்னை அறியாமலே அந்தக் கோட்டுக்கு ஏற்பக் காலை வைத்துவிடுவார். விதியும் தாராளமாகவே இருக்கிறது. மார்க்கர்களுக்குப் பின்னே இரண்டு கிளப் நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம். பந்து உள்ளே இருந்தால் போதும், கால் வெளியே இருக்கலாம். முன்வரிசையில் குழி விழுந்த புல்லில் நின்று தடுமாறுவதைவிட, ஒரு கெஜம் பின்வாங்கி மட்டமான தரையில் நிற்பது எவ்வளவோ மேல். தேடினால் அப்படி ஓர் இடம் பெரும்பாலும் நடுவிலேயே கிடைக்கும்.