பரசூட் துணியில் ஒரு கலியாண உடுப்பு

வெள்ளைக் கவுன் ஐரோப்பிய மணப்பெண்களின் ஆதிகாலத்து உடை என்றே பலரும் நினைக்கிறோம். 1840இல் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி வெள்ளைப் பட்டில் மணமுடித்த பின்னரே அது நாகரிகமாகப் பரவியது. அதற்கு முன் சாதாரண பெண்கள் நிறத் துணியில் தைத்து, பிறகு விசேடங்களுக்கும் அதையே உடுத்தினார்கள்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜேர்மனியின் பேர்கன் பெல்சன் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய லில்லி என்ற யூதப் பெண், வெள்ளைக் கவுனில்தான் கலியாணம் என்று ஆசைப்பட்டார். வருங்காலக் கணவர் கோப்பிக்கொட்டையும் சிகரட்டும் கொடுத்து ஒரு பழைய பரசூட்டை வாங்கினார். மிரியம் என்ற தையல்காரி அதை வெட்டிக் கவுன் தைத்தார். மிச்சத் துணியில் மாப்பிள்ளைக்கு ஒரு சேட்! 1946 ஜனவரியில் கலியாணம். பிறகு அதே கவுனைச் சகோதரி உடுத்தினார், உறவுப் பெண்கள் உடுத்தினார்கள். லில்லி 17 மணப்பெண்கள் வரை எண்ணினார்.

எங்கள் ஊர்களிலோ கூறைச்சேலைக்காக வட்டிக்குப் பணமெடுத்துத் தவிக்கும் தாய்மாரைக் காண்கிறேன். அக்காவின் கூறையைத் தங்கை உடுத்தால் என்ன? மாதர் சங்கத்தில் நல்ல கூறை இரண்டும் வேதக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு கவுனும் வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள், சகோதரிகளே.