கடனில்லாத கிறிஸ்து பிறப்பு விழா

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரே நாளில் இரண்டு காட்சிகளைக் காணலாம். காலையில் உழவர் சந்தை. விலைப் பலகையைப் பார்த்து, பையில் இருக்கும் பணத்தையும் எண்ணிப் பார்த்த பிறகே அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்று முடிவு செய்கிறோம். மாலையில் திவான் பகதூர் சாலை. வண்ண விளக்குகள், தள்ளுபடி அறிவிப்புகள், முன்பணம் கேட்காத தவணைகள். காலையில் தக்காளிக்குக் கணக்குப் பார்த்த அதே கைதான் மாலையில் கணக்குப் பார்க்காமல் கடன் அட்டையை நீட்டுகிறது. ஏன் இப்படி? திருவருகைக் காலத்தில் நாம் அமர்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

ஆடம்பரம் வேண்டாம் என்று ஆண்டுதோறும் மறையுரையில் கேட்கிறோம், தலையசைக்கிறோம், வீடு திரும்புகிறோம். ஆனால் நம் குடும்பங்கள் கடனில் விழுவதற்கு ஆசை மட்டுமே காரணம் அல்ல. நாட்காட்டியும் ஒரு காரணம்.

கொங்கு மண்ணில் ஆலைகளும், பட்டறைகளும், பம்ப் தொழிற்சாலைகளும், பின்னலாடை நிறுவனங்களும் போனஸ் தருவது தீபாவளிக்கு. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்த அளவு 8.33 சதவீதம், அதிக அளவு 20 சதவீதம் என்று வகுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே அளவுகளைத் தொடர்கிறது. 8.33 சதவீதம் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தத் தொகை கைக்கு வரும் வாரத்தில்தான் ஊரே கடைவீதியில் நிற்கிறது. நம் பிள்ளைகளும் பட்டாசு கேட்கிறார்கள். அதில் தவறில்லை, அண்டை வீட்டாரோடு சேர்ந்து மகிழ்வதும் அன்புதான். ஆனால் 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. அங்கிருந்து கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு 66 நாட்கள். அந்த 66 நாட்களைத் தாண்டி டிசம்பரைத் தொட்ட போனஸ் எத்தனை வீடுகளில் இருந்தது?

விழா நெருங்கும்போது செலவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. குடும்பத்தினர் அனைவருக்கும் புத்தாடை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கக் கேக்கும் முறுக்கும். மகளுக்குத் திருமணமான முதல் ஆண்டு என்றால் தலைக் கிறிஸ்துமஸ் சீர், மருமகனுக்கு மோதிரம். நட்சத்திரம், குடில், விருந்து. ஒரு வாரத்தில் புத்தாண்டு. ஜனவரி பிறந்ததும் மூன்றாம் பருவப் பள்ளிக் கட்டணம். தையல் வேலைக்குப் போகும் ஒரு தாய், "பாப்பாவுக்குப் புதுத்துணி இல்லாம எப்படிங்க கோயிலுக்குக் கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டால், நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

பதில் இல்லாத இடத்தில் கடன் வந்து நிற்கிறது. அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். கடன் அட்டையில் 20,000 ரூபாய்க்குப் பொருட்கள் வாங்கி, குறித்த நாளில் கட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 126 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 1,000 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது வெறும் 174 ரூபாய். இப்படியே போனால் அடுத்த கிறிஸ்துமஸ் வந்த பின்னும் இந்த ஆண்டுச் சட்டைக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்போம், சட்டை பிள்ளைக்குச் சிறிதாகியிருக்கும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கடன் அட்டை வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கூறியிருந்தது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று, விழாவுக்கு ஐந்து நாட்கள் முன்பு, ரத்து செய்தது. ஆகவே ஆணையம் கிழித்த அந்தக் கோடும் இப்போது இல்லை.

வட்டியில்லாத் தவணை என்ற அறிவிப்பையும் நிதானமாகப் படிக்க வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை, அந்த வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்தில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

அடுத்தது நகைக்கடன். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்க இடம் தருகிறது. அவசர மருத்துவத்துக்கும் விதைப்புக்கும் இது உதவிதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு பவுன் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சென்ற தலைமுறையின் உழைப்பில் சேர்ந்த ஒரு சங்கிலி, விழாச் செலவுக்காக அடகுக்குப் போய், மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போனால், கூலி வேலை செய்யும் குடும்பம் அதை இனி வாங்க முடியுமா?

மகளிர் பெயரில் வாங்கும் குழுக் கடனும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் வைத்த விதி. பாதி என்பதே எவ்வளவு பெரிய பங்கு! அதிலும் வேலை நிலையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அந்நாட்டை நம்பியிருந்த திருப்பூரின் ஏற்றுமதித் தொழில் தடுமாறியதைக் கண்டோம். மிகைநேர வேலை இல்லாமல் போனால் வாரக் கூலி குறையும், ஆனால் தவணை குறையாது. 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது. சட்டங்கள் நல்லவையே. ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கும்போது பிள்ளைகள் முன் தலைகுனியும் தந்தையின் வேதனையை எந்தச் சட்டத்தால் துடைக்க முடியும்?

இங்குதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். புதுத்துணி இல்லாமல் கோயிலுக்கு வரக் கூடாது என்று அந்தத் தாய்க்குச் சொன்னது யார்? திருச்சபை சொல்லவில்லை. கடைக்காரர் கூடச் சொல்லவில்லை. நள்ளிரவுத் திருப்பலியில் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்க்கும் நம் பார்வைதான் சொன்னது. யார் வீட்டுக் குடில் பெரிது, எந்தத் தெருவில் விளக்கு அதிகம், நன்கொடைப் பட்டியலில் யார் பெயர் முதலில் என்று நாம் உயர்த்தும் அளவுகோலை எட்டிப் பிடிக்கத்தான் இல்லாதவர் கடன் வாங்குகிறார். வசதி உள்ளவருக்கு அது பணம் கட்டி முடிந்துபோகும் செலவு. இல்லாதவருக்கு அது ஓராண்டுச் சுமை.

குழந்தை இயேசுவைக் கோவிலில் அர்ப்பணிக்க வந்த மரியாவும் யோசேப்பும் கொடுத்த காணிக்கையை லூக்கா நற்செய்தி குறிப்பிடுகிறது. இரண்டு பறவைகள். ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாத ஏழைகளுக்கென்று பழைய சட்டம் வைத்திருந்த காணிக்கை அது. இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. திருக்குடும்பம் தன் கைக்கு எட்டியதைக் கொடுத்தது, ஆட்டுக்குட்டிக்காகக் கடன் வாங்கவில்லை. ஏழையும் தலைநிமிர்ந்து வருவதற்கு அந்தச் சமூகம் முன்கூட்டியே வழி வைத்திருந்தது. முதலாவது குடும்பங்களுக்கான பாடம். இரண்டாவது பங்குச் சமூகத்துக்கான பாடம். முதலாவதைப் பேசும் நாம் இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1223-இல் கிரேச்சியோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலுக்குத் தேவைப்பட்டவை வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையும்தான். ஊரார் தீப்பந்தங்களோடு வந்து கூடினார்கள். எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அந்த எளிய இரவை உலகம் மறக்கவில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? குடும்பங்களில், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அனைவரும் சேர்ந்து ஒரு தாளில் கணக்கு எழுதுவோம். முதல் வரியில் ஏழைகளுக்கான பங்கு, இரண்டாவது வரியில் ஜனவரிப் பள்ளிக் கட்டணம், அதன் பிறகே விழாச் செலவு. பிள்ளைகளையும் அதில் உட்கார வைப்போம். வீட்டு நிலையை அறிந்த பிள்ளை அடம்பிடிப்பது குறைவு. போனஸ் வரும் நாளிலேயே ஒரு பகுதியைத் தனி உறையில் போட்டு வைப்போம். ஜனவரி முதல் மாதம் 500 ரூபாய் வங்கியில் தொடர் வைப்பாகச் சேர்த்தால் டிசம்பரில் 6,000 ரூபாய் அசலே கையில் இருக்கும். பலகாரச் சீட்டு, பண்டு என்று யாராவது வந்தால், 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். துணிக்காகவும் விருந்துக்காகவும் நகையை அடகு வைப்பதில்லை என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுப்போம்.

அன்பியங்களில், வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் பலகாரம் செய்வதற்குப் பதில் ஒரே வீட்டில் கூடிச் சுட்டுப் பகிரலாம். கேரல் குழுவுக்கு எல்லா வீட்டிலும் தேநீர் மட்டும் போதும் என்று முன்பே அறிவிக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் சத்தமில்லாமல் உதவுவது போல, நன்கொடையைத் தொகை சொல்லாமல் பெறலாம். வசதி உள்ள நாம் அந்த இரவுத் திருப்பலிக்குத் துவைத்துத் தேய்த்த பழைய உடையில் வருவோமே! நம் பக்கத்தில் பழைய உடையில் நிற்கும் குழந்தை அன்று தனியாக நிற்காது.

விழா முடிந்து நட்சத்திரத்தைக் கழற்றி மடித்து வைக்கும் நாளில், அந்த வீட்டில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் ஒன்றும் மிச்சம் இல்லை என்றால், அந்த நிம்மதியும் பாலன் இயேசு தந்த அமைதியே. அந்த அமைதி நம் வீட்டுக்கு மட்டுமல்ல, நம் அடுத்த வீட்டுக்கும் கிடைக்க இந்தத் திருவருகைக் காலத்தில் உழைப்போம்.