ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் கம்ப்ரஸர்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மெஷின் வாங்கக் கடன் எடுங்கள், வட்டியில் 5 சதவீதத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்கிறது மத்திய அரசின் 'அடீட்டி' திட்டம். குறு, சிறு தொழில்களுக்கு 5. நடுத்தரத் தொழில்களுக்கு 3. கடந்த 2025 ஜூலையில் பானிப்பட்டில் தொடங்கிவைத்தார்கள். ஒதுக்கீடு 1,000 கோடி ரூபாய். பாராட்ட வேண்டியதுதான். எனக்கோ எரிச்சல் வருகிறது.

கோவைக்கு வெளியே ஒரு நூற்பாலைக்கு வார விடுமுறை நாளில் போயிருந்தேன். ஒரு ஸ்பிண்டில்கூடச் சுற்றவில்லை. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் மட்டும் லோடு எடுப்பதும் விடுவதுமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை யார் இழுக்கிறார்கள், வாட்ச்மேனா? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு. இரண்டை எட்டால் வகுத்தால் 25 சதவீதம். கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் கால்வாசி லீக்கிலேயே போகிறது. இத்தனைக்கும் அது எனர்ஜி ஆடிட்டர் சொல்லி வாங்கிய புது கம்ப்ரஸர். வந்த அன்று 6 பார் அழுத்தத்தில் வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு நைட் ஷிப்டில் நூல் சுற்றும் ஆட்டோகோனருக்குக் காற்று போதவில்லை என்று 7-க்கு ஏற்றியிருக்கிறார்கள். இறக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பார் ஏற்றினால் மின்செலவு 6, 7 சதவீதம் கூடும். லீக்கும் சேர்ந்து கூடும்.

இந்த நோய்க்கு வட்டிச் சலுகையா மருந்து?

ஆடிட்டும் சரிபார்ப்பும் திட்டத்திலேயே உண்டே என்பார்கள். கல்யாணத்துக்கு முன் ஜாதகம், பின் மறுவீடு. அப்புறம் குடும்பம் நடத்துவது யார்? எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-லேயே வந்துவிட்டது. ஆனால் ஜவுளியில் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி, மின்சாரமாகச் சொன்னால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி யூனிட், செலவழிக்கும் ஆலைதான் எனர்ஜி மேனேஜர் வைத்தாக வேண்டும். அதற்குக் கீழே இருப்பவற்றில் கரண்ட் பில்லைக் கட்ட ஆள் உண்டு, படிக்க ஆள் இல்லை.

சிறு ஆலைக்கு அப்படி ஒருவரை வைத்துக் கட்டுப்படியாகாதாம். சுத்தச் சாக்கு. பஞ்சு விலை கொஞ்சம் அசைந்தால் ராத்திரி பத்து மணிக்கும் புரோக்கருக்குப் போன் போடுகிறவர்கள்தான் இவர்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற யு.கே.ஜி. கணக்கை 40-ம் நம்பர் நூலுக்கு மாற்றி வாராவாரம் சுவரில் ஒட்ட என்ன செலவு? 'இந்த வாரம் ஏன் ஏறியது' என்று முதலாளி ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும், ஃபிட்டர் தானே லீக்கைத் தேடிப் போவார். எரிசக்தி மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 50001 பக்கம் பக்கமாகச் சொல்வதில் பாதி இதுதான். சான்றிதழைச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியவர்களுக்கு மட்டும் இது தெரிவதில்லை.

வட்டிச் சலுகையை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் பத்து ஆலைக்கு ஒருவர் என்று சம்பளம் கொடுத்து ஆள் போடுங்கள். முதல் ஆளை வரும் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன ஆலைக்கே அனுப்பலாம். கைக்கடிகாரம் நான் தருகிறேன்.